குறையில்லாத ஒரு நாள்

ஞாயிற்றுக்கிழமை வந்த ரூபினிக்கு முதல் பாடவேளை வேண்டாமாம்.

ஏழரைக்கு மணி அடிக்கிறது, ஏழு பத்துக்குத்தான் குழந்தையைப் பராமரிப்பவர் வீட்டில் விட முடிகிறது, அதன்பிறகு காடியில் ஏறிச் சாலையில் விரட்டிக்கொண்டு வந்து இரண்டாம் வகுப்புக்குள் நுழையும்போது தனக்கே எழுத்து மறந்துபோகிறது என்று அவள் காரணங்களை வரிசையாகச் சொன்னாள். பிரேமாவதி கேட்டுக்கொண்டாள். பதினோரு வருடமாக அந்தப் பள்ளியின் கால அட்டவணையை, ஆசிரியர்கள் வாயில் ஜடுவாலை, போடுகிறவள் அவள்தான். கேட்டுக்கொள்வதில் அவளுக்குப் பழக்கம் இருந்தது.

சுங்கை லாலாங் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி நிற்கும் தமிழ்ப்பள்ளி அது. ஒன்பது வகுப்பு, பதினான்கு ஆசிரியர்கள். அந்த மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் பள்ளி விடுமுறை, வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். ஆசிரியர் அறையின் ஒரு சுவரை முழுக்க வெள்ளைப் பலகை அடைத்திருந்தது. அதில் காந்தம் ஒட்டிய நானூற்றுச் சொச்சம் சின்ன அட்டைகள். ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு நிறம். ஒரே வரிசையில் ஒரே நிறம் இரண்டு இடத்தில் தெரிந்தால் இடிக்கிறது என்று அர்த்தம். ஒரு மனிதர் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் இருக்க முடியாது. மற்றதெல்லாம் இந்த ஒரு விதியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது, ஆனால் இதோடு முடிவதில்லை.

"பாத்துச் செய்ங்க டீச்சர். அவசரமில்ல," என்று சொல்லிவிட்டு ரூபினி போனாள்.

அவசரம் இருந்தது. அது ரூபினிக்குத் தெரியாது. லூனாஸில், பிரேமாவதியின் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருந்த ஒரு பள்ளியில் துணைத் தலைமையாசிரியர் இடம் காலியாக இருந்தது. பதினோரு வருடமாக விடியுமுன் எழுந்து, இருட்டில் காடியோட்டி வந்து போகிறவளுக்கு அது வெறும் பதவி இல்லை. விண்ணப்பத்தோடு தலைமையாசிரியரின் பரிந்துரைக் கடிதம் போக வேண்டும். தலைமையாசிரியர் பரஞ்சோதி எதிலும் கையெழுத்துப் போடுமுன் பேனாவை மூடியோடு பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசிக்கிறவர். போன வியாழக்கிழமை அப்படி யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை வைத்தார்.

"ஒரு வாரம் டீச்சர். ஞாயிறுல இருந்து வியாழன் வரைக்கும் ஜடுவால்ல ஒரு குறை வரக்கூடாது. தலைமைத்துவம்னு நான் எழுதணும்னா ஏதாச்சும் ஆதாரம் வேணும்ல."

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டுக் கிடைக்காமல் போவது ஒரு வலி, அது ஊருக்குத் தெரிந்து போவது இன்னொரு வலி என்று அவள் பிரித்து வைத்திருந்தாள். இரண்டாவதையாவது தவிர்க்கலாம் என்று நினைத்தாள்.

அன்று மத்தியானமே ரூபினியின் பச்சை அட்டையை எடுத்து மூன்றாம் பாடவேளைக்கு மாற்றினாள். அங்கே இருந்தது உடற்கல்வி. அதைத் தூக்கிப் பதினொன்றரைக்குத் தள்ளினாள்.

திங்கட்கிழமை சிவநேசன் வந்தார். உடற்கல்வி ஆசிரியர். பதினொன்றரை வெயிலில் திடலில் நின்றால் பிள்ளைகள் வாடிப்போகிறார்கள், தனக்கும் தலை கிறுகிறுக்கிறது என்றார். நியாயம்தான். உடற்கல்வியைக் காலைக்குக் கொண்டுவந்து, அங்கே இருந்த மலாய்மொழிப் பாடத்தைக் கடைசிக்கு அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை நஜ்வா வந்தாள். மலாய்மொழி எடுக்கிறவள், திகாம் பத்து என்ற ஊரிலிருந்து வருகிறாள். காலையில் ஒரு வகுப்பு, கடைசியில் ஒரு வகுப்பு, நடுவில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார வேண்டியிருக்கிறதாம். "நடுவுல நான் என்ன செய்யறது டீச்சர், கோழி மாதிரி சுத்திச் சுத்தி நடந்துக்கிட்டிருக்கேன்," என்றாள். பிரேமாவதி அந்த இடைவெளியை அடைத்தாள். அதனால் கணினி அறை இடித்தது. புதன்கிழமை அதற்கு ஒருவர் வந்தார். வியாழக்கிழமை, நன்னெறிப் பாடம் இடைவேளை முடிந்த கையோடு வந்தால் மாணவர்களுக்கு நெறி பற்றிக் கேட்கும் மனநிலை இருப்பதில்லை என்று சுப்பிரமணியம் சார் வந்தார்.

ஒரு நாளைக்கு ஒன்று. வாரம் போயிற்று.

இதில் பிரேமாவதி தனக்குத்தானே ஒத்துக்கொள்ளாத ஒரு சங்கதியும் இருந்தது. யாராவது பலகைப் பக்கம் வரும்போது அவளுக்கு எரிச்சல் வரும். எரிச்சலுக்கு அடியில் ஒரு சிறு கதகதப்பும் வரும். பதினான்கு பேரின் நாட்கள் தன் விரல்நுனியில் ஒட்டியிருக்கின்றன என்ற நினைப்பு அது. குறை சொல்ல வருகிறவர்களுக்கு அவள் வேண்டியிருந்தது. வேறு எதற்காகவும் யாரும் அவள் மேசைக்கு வந்ததாக நினைவில்லை. நான்கு வருடத்துக்கு முன்பு, யாரும் வராத ஒரு மாதம், நோட்டும் கையுமாக ஒவ்வொருவரின் வகுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்து பாடம் பார்த்திருக்கிறாள்; அதன்பிறகு அவளுக்கு ஓய்வே கிடைக்கவில்லை.

சனிக்கிழமை, கணவரின் தம்பி யோகேந்திரன் லூனாஸ் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். கூலிமில் கணினிச் சில்லுத் தொழிற்சாலையொன்றில் பொறியாளர். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் அண்ணி அட்டவணைத் தாளை விரித்து வைத்திருப்பதைப் பார்த்து, என்ன என்று கேட்டான். கேட்டபிறகு சாப்பிட மறந்துபோனான்.

"அண்ணி, இது சாதாரண வேலை இல்ல. இது இன்னும் உலகத்துல யாரும் தீர்க்காத கணக்கு."

அவள் மீன் குழம்பை அவன் பக்கம் நகர்த்தினாள்.

யோகேந்திரன் விளக்கினான். சில வேலைகளில், முடிந்த விடையைக் கொண்டுவந்து கொடுத்தால் சரியா தப்பா என்று சட்டென்று பார்த்துவிடலாம். ஆனால் அந்த விடையைத் தேடிக் கண்டுபிடிக்கப் போனால், பொருட்கள் கூடக் கூட, ஆயுசு போதாது. கால அட்டவணை அந்த ஜாதி. பொட்டலம் கொண்டுபோகும் லாரி எந்தத் தெருவுக்கு முதலில் போக வேண்டும் என்பதும் அந்த ஜாதி. சில்லுக்குள் கோடிக்கணக்கான கம்பிகளை எப்படி அடுக்குவது என்று அவன் தொழிற்சாலையில் மண்டையை உடைத்துக்கொள்வதும் அதே ஜாதிதான். சட்டென்று சரிபார்க்க முடிகிற எதையும் சட்டென்று கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறதா, இல்லையா? இதுதான் கேள்வி. ஏழு பெரிய கணக்குகளுக்குப் பரிசு வைத்திருக்கிறார்கள், அதில் இதுவும் ஒன்று. இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் ஏழில் ஒன்றுதான் தீர்ந்திருக்கிறது. அது இது இல்லை.

"இது தீர்ந்தா என்னப்பா ஆகும்?"

"உண்மையிலேயே வேகமான ஒரு வழி கெடைச்சா எல்லாமே மாறிடும் அண்ணி. ஒண்ணுக்கு வழி கெடைச்சா இந்த ஜாதி முழுக்கத் தெறந்துக்கும். புது மருந்துக்கு எந்த அணு எங்க ஒக்காரணும்னு வருசக்கணக்குல தேட வேணாம். கரண்டு, பெட்ரோல், எல்லாத்துலயும் வீணாப்போறது கொறையும். ஆனா பேங்க் பூட்டும் தெறந்துக்கும். போன்ல நாம போடற பூட்டெல்லாம், தெறக்கறது கஷ்டம்ங்கற நம்பிக்கையிலதான் நிக்குது."

"வழியே இல்லன்னு ஆயிட்டா?"

"அதுவும் நல்லதுதான். கெடைக்காதத தேட வேணாம், கிட்டத்தட்ட சரியா இருந்தா போதும்னு எல்லாரும் நிம்மதியா தூங்கலாம்."

கிட்டத்தட்ட சரி. அந்தச் சொல் பிரேமாவதிக்குப் பிடிக்கவில்லை. ஆனால் உலகத்துப் பெரிய மூளைகள் எல்லாம் தன் வெள்ளைப் பலகைக்கு முன்னால் வந்து கையைப் பிசைந்துகொண்டு நிற்பதாகத் தோன்றியது பிடித்திருந்தது. தன் தோல்விக்கு இவ்வளவு நல்ல குடும்பம் இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

அவள் பள்ளி சின்னது, கணினியால் முடிந்துவிடும் என்று சொல்லி யோகேந்திரன் மடிக்கணினியைத் திறந்தான். ஆசிரியர்களின் விருப்பங்களையெல்லாம் அவள் சொல்லச் சொல்ல அடித்தான். நான்கு நிமிடத்தில் விடை வந்தது. ஓர் இடத்திலும் இடிக்கவில்லை. ரூபினிக்குக் காலை இல்லை, சிவநேசனுக்கு வெயில் இல்லை, நஜ்வாவுக்கு இடைவெளி இல்லை. அதோடு, இரண்டாம் வகுப்புக்கு வாரத்தின் உடற்கல்வி முழுவதும் புதன்கிழமை ஒரே மூச்சில் இருந்தது. நான்காம் வகுப்புக்குத் திங்கட்கிழமை காலையிலிருந்து வீடு போகும்வரை கணிதம். பிரேமாவதிக்குச் செவ்வாய்க்கிழமை இடைவேளையே இல்லை.

"நீங்க இதெல்லாம் வேணாம்னு சொல்லலையே அண்ணி," என்றான் யோகேந்திரன்.

சொன்னாள். அடித்தான். மறுபடி வந்தது, மறுபடி வேறொன்று முளைத்தது. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த சங்கதிகள் எத்தனை இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. முதலாம் வகுப்பில் சிறுநீர் கழிக்கப் போகிறவர்கள் திரும்பிவர ஆகும் நேரத்தைக்கூட அவள் சொல்ல வேண்டியிருந்தது. ஐந்தாவது முறை கணினி ஒரே வரியில் பதில் சொன்னது. இத்தனை நிபந்தனைகளுக்கும் ஒத்துவரும் அட்டவணை கிடையாது. ஒன்றையாவது விட்டுக்கொடுக்க வேண்டும்.

எதை விடுவது என்று அதற்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. ஒன்றிரண்டைக் கண்ணை மூடிக்கொண்டு விட்டு, வந்ததைப் பலகையில் ஒட்டினாள்.

இரண்டாம் வாரமும் முதல் வாரம் போலவே போயிற்று. ஞாயிறு ஒருவர், திங்கள் ஒருவர், செவ்வாய் ஒருவர். கணினி போட்டது என்று தெரிந்தபிறகு குறை சொல்வதில் ஒரு மரியாதை வந்திருந்தது, அவ்வளவுதான். புதன்கிழமை, தெரிந்த ஒரே நியாயத்தை எடுத்துக்கொண்டு அவள் தலைமையாசிரியரின் அறைக்குப் போனாள். கால அட்டவணை என்பது உலகமே தீர்க்காத கணக்கு, அதில் குறை வருவதை ஓர் ஆசிரியையின் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று, யோகேந்திரன் சொன்னதை எல்லாம் ஒழுங்காக அடுக்கிச் சொன்னாள். இவ்வளவு தெளிவாக அவள் எந்தப் பாடத்தையும் நடத்தியதில்லை.

பரஞ்சோதி முழுவதையும் கேட்டார். முகம் மாறியது.

"பேங்க் பூட்டு தெறந்துக்கும்னா, எந்த பேங்க் டீச்சர்?"

"எல்லா பேங்கும் சார்."

"என் சேமிப்பு முழுக்க போன்லதான் இருக்கு. அடுத்த வருசம் ஓய்வு." பேனா மூடியைத் திருகினார். "நீங்க ஒண்ணும் அவசரப்பட்டுத் தீர்த்துடாதீங்க."

தான் தீர்க்கப்போவதில்லை, யாராலும் முடியவில்லை என்பதைத்தான் சொல்ல வந்ததாக அவள் விளக்கினாள். அதையும் அவர் யோசித்தார்.

"அப்ப ஒண்ணு செய்வோம். அத யாராச்சும் தீர்க்கட்டும். அதுக்கப்புறம் கடிதத்தப் பாத்துக்கலாம்."

பிரேமாவதி நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பதவி உயர்வு இப்போது மனித குலத்தின் அறிவு வளர்ச்சியோடு சேர்த்துக் கட்டப்பட்டுவிட்டது என்று புரிந்தது. சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வருகிற திங்கட்கிழமை என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு குரலில் அவள் பேசி அவர் கேட்டதில்லை போலும். பேனாவைக் கீழே வைத்தார்.

"சரிலா. ஒரு வாரம் வேணாம். ஒரு நாள். ஞாயித்துக்கிழமை. கடைசி மணி அடிக்கிற வரைக்கும் ஒரு குறையும் வரலன்னா போட்டுத் தரேன்."

வெள்ளியும் சனியும் அவள் தாளை விட்டு எழுந்திருக்கவில்லை. யோகேந்திரனைக் கூப்பிடவில்லை. எதை விட்டுக்கொடுப்பது என்ற இடத்திலேயே மனம் திரும்பத் திரும்ப வந்து நின்றது. ரூபினியின் காலையை விட முடியாது. சிவநேசனின் வெயிலை விட முடியாது. ஒவ்வொருவரின் பெயரையும் விரலால் தொட்டு வந்தவளுக்கு, பட்டியலில் ஒரு பெயருக்கு எதிரே எந்த விருப்பமும் எழுதப்படாமல் இருப்பது சனிக்கிழமை சாயங்காலம்தான் கண்ணில் பட்டது. அவளுடைய பெயர். பதினோரு வருடமாக அவள் தனக்கென்று ஒரு நிபந்தனையும் எழுதியதில்லை. தியாகம் ஒன்றும் இல்லை, ஞாபகம் வரவில்லை.

அதன்பிறகு வேலை சுலபமாகிவிட்டது. யாருக்கும் வேண்டாத காலை முதல் பாடவேளைகள், பதினொன்றரை வெயில், இடைவேளை முடிந்த கையோடு வரும் வகுப்புகள், கடைசி மணிக்கு முன்னால் வரும் தூக்கக் கலக்கமான அரைமணிகள். ஒவ்வொன்றாக எடுத்துத் தன் ஊதா நிறத்தை வைத்தாள். உடற்கல்விகூடக் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள். நாற்பத்தொன்பது வயதில் திடலில் விசில் ஊத வேண்டும், பரவாயில்லை. வாரத்துக்கு இருபத்து நான்காக இருந்த அவளுடைய பாடவேளைகள் முப்பத்தெட்டு ஆயின. எங்கும் இடிக்கவில்லை. மற்ற பதின்மூன்று பேரின் விருப்பங்களையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்து டிக் போட இருபது நிமிடம்தான் ஆயிற்று. யோகேந்திரன் சொன்னது சரிதான், சரிபார்ப்பது சுலபம்.

அவள் அந்தத் தாளை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். ஒரு பெரிய கணக்கு தீர்ந்தால் மனிதர்களுக்கு என்ன தோன்றும் என்று அவளுக்கு இப்போது ஓரளவு தெரிந்தது. முதலில் பெருமை. கொஞ்ச நேரம் கழித்து, இனி என்ன செய்வது என்ற ஒரு வெறுமை.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குள் பலகை தயாராகிவிட்டது. ரூபினி வந்து பார்த்தாள், தன் அட்டைகளை எண்ணினாள், தலையாட்டிவிட்டுப் போனாள். சிவநேசன் பார்த்தார், "பலே" என்றார். ரெஹாட் என்று எல்லோரும் சொல்லும் இடைவேளையில் சுப்பிரமணியம் சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிரேமாவதி இவற்றைத் தூரத்திலிருந்துதான் கவனிக்க முடிந்தது. அவளுக்கு மூச்சு விட நேரமில்லை. முதல் வகுப்பிலிருந்து திடலுக்கு, திடலிலிருந்து ஆறாம் வகுப்புக்கு ஓடிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டரை ஆயிற்று. பரஞ்சோதி கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார், பேனாவின் மூடியையும் கழற்றியிருந்தார்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு நஜ்வா பலகைக்கு முன்னால் நின்றாள். நெடுநேரம் நின்றாள். இடது பக்கமிருந்து வலது பக்கம் பார்த்தாள், மேலிருந்து கீழே பார்த்தாள். பரீட்சைத் தாளில் தெரிந்த கேள்வி ஒன்றாவது இருக்காதா என்று தேடும் மாணவியின் முகம் அவளுக்கு இருந்தது. தன் கடைசிப் பாடவேளையை முடித்து விசிலைக் கழுத்தில் போட்டபடியே பிரேமாவதி உள்ளே வந்தாள். அவளைப் பார்த்ததும் நஜ்வா சட்டென்று திரும்பினாள்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. என்னோட மஞ்சக் கலர் ரொம்ப வெளுத்துப்போச்சு. வாசல்ல இருந்து பாத்தா தெரியல."

பரஞ்சோதி பேனாவை மூடினார். அதில் அவருக்கும் வருத்தம் இருந்தது போலத்தான் தெரிந்தது. ஆனால் குறை குறைதான் என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை உறைக்குள் போட்டு எடுத்துப்போனார். மணி அடித்தது.

பிரேமாவதி புது மஞ்சள் தாளைத் தேடி வெட்டினாள், ஒட்டினாள். முப்பது அட்டைகள். கை தானாகச் செய்தது. பிறகு கேன்டீனுக்குப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் போய்விட்டார்கள். கேன்டீன் நடத்தும் மும்தாஜ் பெரிய அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கேட்காமலே பாலில்லாத ஒரு தே ஓ கலக்கி முன்னால் வைத்தார்.

யாரிடமும் சொல்லாத விஷயத்தை, ஏனோ, பிரேமாவதி அவரிடம் சொன்னாள். லூனாஸ், காலி இடம், கடிதம், வெளுத்துப்போன மஞ்சள். மும்தாஜ் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அடடா என்று ஒருமுறை சொன்னார்.

"எல்லாரும் ஒரே நாள்ல வந்து சொல்லித் தொலைச்சிருந்தாக்கூட ஒரே தடவையா திருத்தியிருப்பேன் அக்கா," என்றாள் பிரேமாவதி, தேநீரைப் பார்த்தபடி. "எண்ணி வச்ச மாதிரி தினம் ஒருத்தரா வர்றாங்க. நாலு வருசத்துல ஒரு நாள்கூட ரெண்டு பேரு சேந்து வந்ததில்ல."

மும்தாஜ் முந்தானையில் கையைத் துடைத்தார்.

"அது எப்படி டீச்சர் ரெண்டு பேரு சேந்து வருவாங்க, நீங்க வேலையில்லாம ஓஞ்சு ஒக்காந்தா கிளாஸுக்குப் பின்னால வந்து ஒக்காந்து அவங்க பாடத்தப் பாத்து நோட்டெழுதுவீங்கன்னு பயந்துக்கிட்டு, யாரு என்னைக்கு வந்து உங்ககிட்ட குறை சொல்லணும்னு ஒரு ஜடுவால் கேட்டாங்க, ரெஹாட் மணி அடிக்கறதுக்குள்ள நாந்தான் போட்டுக் குடுத்தேன், இன்னைக்கு வரைக்கும் ஒரு எடத்துலயும் இடிக்கல."